மண்டபமே சுவரைப் பார்த்து நின்ற நாள்

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்திருக்கும் புது ஆசிரியர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்று அழைத்தார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதனால் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராமைப் படிப்பது எப்படி, உதட்டசைவைப் பழக்குவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் பயிற்சிக் கல்லூரியில் உங்களுக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு ஊட்டி அனுப்பியிருப்பார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் உதவி கொடுக்கும் முறை அவ்வப்போது மாறும். என் காலத்தில் மாறியது, உங்கள் காலத்திலும் மாறும். மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் மாற்றுவார்கள். அவர்கள் பார்ப்பது மாநிலத்தை. உங்கள் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அதனால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டியது நீங்கள். அந்த வேலையை உங்களுக்காக வேறு யாரும் செய்துவிட மாட்டார்கள்.

எண்பதுகளில் நான் தர்மபுரியில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் இருந்தேன். பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் அங்கே தங்கிப் படித்தார்கள். அதுவரைக்கும் உதவித்தொகை பள்ளிக்கு மொத்தமாக வரும். விடுதியில் தங்கியிருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு, பாய், சோப்பு என்று அது ஓடிவிடும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கேட்கிறது என்று மேலே இருந்து யாரும் விசாரித்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த ஏற்பாடு மாறியது. இனிமேல் உதவி பள்ளிக்கு இல்லை, பிள்ளைக்கு. அதுவும் அந்தப் பிள்ளையின் காதைப் பொறுத்து. அறவே கேட்காத பிள்ளைக்கு விடுதி உதவி தொடரும். கொஞ்சமாவது கேட்கிற பிள்ளைக்குச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் காது மெஷின் ஒன்றைக் கொடுத்து, சொந்த ஊர்ப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்த்துவிடுவார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை முகாம் நடத்தி டாக்டர் முடிவு செய்வார்.

செய்தி வந்ததும் எங்கள் பள்ளியில் பாதிப் பேர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் உட்காரவில்லை. அந்தத் திட்டத்தில் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் விடுதியில் மாதேஷ் என்று ஒரு பையன் இருந்தான். மாரண்டஹள்ளிப் பக்கம், தக்காளி போடுகிற குடும்பம். அவனுக்கு மெஷினை மாட்டிவிட்டுப் பின்னால் நின்று பெயரைச் சொன்னால் திரும்புவான். ஊர்ப் பள்ளியில் முன் பெஞ்சில் உட்கார வைத்தால் அவன் தாராளமாகப் படிப்பான். ஆனால் மெஷின் வாங்க அவன் வீட்டில் வழியில்லை, பள்ளியிலிருந்த மெஷினை ஊருக்குக் கொடுத்தனுப்ப எங்களுக்கு அதிகாரமில்லை. அதனால் அவன் அம்மாவை விட்டு விடுதியில் கிடந்து, ஊரிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டிருந்தான். பழைய ஏற்பாட்டில் அவனைப் பற்றி நினைக்க யாருமில்லை. புது ஏற்பாடு அவனுக்காகவே போட்டது போல இருந்தது.

ரஹிமாவின் கதை வேறு.

ரஹிமாவின் அப்பாவுக்குத் தர்மபுரி கடைவீதியில் மெத்தை தைக்கும் கடை. வீட்டில் உருது பேசுவார்கள், கடையில் தமிழ். ரஹிமாவுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே கேட்காது. முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் இமை அசையாது. மெஷினை எவ்வளவு திருகி வைத்தாலும் அவளுக்கு அது சட்டைப்பையில் கிடக்கும் ஒரு கனம், அவ்வளவுதான். ஆனால் பள்ளியில் கையால் பேசுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வாத்தியார்கள் எல்லோருக்கும் கையசைவில் ஒரு அடையாளப் பெயர் வைத்தவள் அவள்தான். எனக்கு வைத்ததை இந்தச் சபையில் செய்து காட்ட மாட்டேன். என் நடையைப் பற்றியது.

அவள் வீடு நடந்தே போகிற தூரத்தில் இருந்தும் விடுதியில் ஏன் இருந்தாள் என்று கேட்பீர்கள். வீட்டில் கையால் பேச ஒருவரும் இல்லை. அம்மா, அப்பா, அண்ணன்மார், அத்தை எல்லோரும் நல்லவர்கள்தான். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவார்கள், தலை வாரி விடுவார்கள். பேச மட்டும் மாட்டார்கள். லீவு முடிந்து விடுதிக்கு வருகிற அன்று ரஹிமாவைப் பார்க்க வேண்டுமே! தட்டில் சோறு ஆறி அவலாகிக் கிடக்கும், அவள் கை ஓயாது. லீவு முழுக்க மனசில் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அன்றைக்கே கொட்டித் தீர்ப்பாள். அந்த விடுதி அவளுக்குத் தங்குமிடம் இல்லை, பேசுமிடம். அதைப் பிடுங்கினால் அவளுக்கு மிஞ்சுவது மூணு வேளைச் சோறும் ஊமை வீடும்தான்.

முகாமை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மாவட்டத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் சரோஜா டீச்சரும் போனோம். சரோஜா எனக்கு இளையவள், பயந்த சுபாவம், ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்றென்றால் உயிரை விடுவாள். ரஹிமாவின் அம்மா பர்தாவின் முகத்திரையை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய நாத்தனார். குடும்பத்தில் எந்தக் காரியமும் அந்த அம்மாளின் சம்மதம் இல்லாமல் நடக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ரஹிமாவுக்குக் கொஞ்சம் மந்தம், பெரியவளானால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்ததும் அவர்தான். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது பெண்ணுக்குக் காது கேட்காது என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாது என்ற கவலை.

டாக்டர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், நிதானமானவர். காது சோதிக்கும் மெஷினைப் பெட்டியிலிருந்து பக்குவமாக எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு பிள்ளைகளைப் பார்த்திருப்பார், கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று கேட்பது வீண். வெளியே வெயிலில் கூட்டம். டாக்டர் கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பித்தளைக் கைமணியை எடுத்தார். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று மணி அடிப்பார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பிறகு அம்மா அப்பாவிடம் வீட்டு நிலவரம் கேட்டுச் சான்றிதழ் எழுதுவார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் இருக்க வேறு வழி இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ரஹிமா நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. கையைத் தூக்கினாள். மெதுவாக அடித்தார், தூக்கினாள். கொஞ்சம் தள்ளி நின்று இடப்பக்கம் அடித்தார். அதற்கும் தூக்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டரின் முகம் மலர்ந்தது.

“நல்லா கேக்குதே! இந்தப் பொண்ணை யாரு ஹாஸ்டல்ல போட்டது?” என்றார்.

நான் ரஹிமாவின் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நாத்தனாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஒரு தாய் இத்தனை வருஷம் ஏங்கியதை ஒரு டாக்டர் மண்டபத்தில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, இல்லை அம்மா என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ரஹிமா எப்படிக் கையைத் தூக்கினாள் என்பது எனக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. நாற்காலியைக் கூட்டத்துக்கு எதிரே போட்டிருந்தார்கள். மணி அடித்தபோதெல்லாம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஏதோ ஒன்று செய்தார்கள். ஒருவர் கண் சிமிட்டினார், ஒருவர் தலையை நிமிர்த்தினார். ரஹிமா அதைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள். இதை அவளுக்குப் பழக்கியது யார்? நாம்தான். வகுப்பில் கேட்கும் பயிற்சி நடத்துகிறோமே, பின்னால் நின்று டிரம் அடித்தால் டப்பாவில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும், சரியாகப் போட்டால் எல்லோரும் கைதட்டுவோம். கொஞ்சமும் கேட்காத பிள்ளை என்ன செய்யும்? எதிரே இருக்கிற, கொஞ்சம் கேட்கிற பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துக் கொட்டையைப் போடும். நாம் கேட்கிறது என்று நினைத்து மகிழ்ந்து போவோம். காது கேளாத பிள்ளைகளின் வாத்தியார்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் இதில் முதலில் மாட்டும். மக்குப் பிள்ளைக்கு இந்த ஆபத்தே கிடையாது.

சரோஜா என் முழங்கையைப் பிடித்தாள். “அக்கா, நம்ம பிள்ளைங்க இன்னும் வரிசையில நிக்குதுங்க. கையைத் தூக்காதீங்கன்னு நான் இங்கிருந்தே கையால சொல்லிடறேன். இந்த மண்டபத்துல யாருக்கு நம்ம பேச்சு தெரியப்போவுது? ரஹிமாவையும் மறுபடி ஒருதரம் பாக்கச் சொல்லலாம்” என்றாள்.

சொன்னது உண்மை. ஒரு விரலை அசைத்தால் போதும், காரியம் முடிந்துவிடும். ஒருவருக்கும் தெரியாது. அவள் கை எழும்புவதற்குள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் பிடித்தேன் என்பதுதான் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது. வரிசையில் மாதேஷ் நின்றான். கையைத் தூக்காதே என்று எல்லோருக்கும் சொன்னால் அவனுக்கும்தான் சொன்னதாகும். நிஜமாகவே கேட்கிற பையன் கேட்கவில்லை என்று உட்கார்ந்திருப்பான். மெஷினும் போகும், அம்மாவும் போகும். ரஹிமாவைக் காப்பாற்ற அவனை விற்க வேண்டுமா? சரி, அவனை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொள்வோம். காது கேட்காதது போல நடி என்று காது கேட்காத பிள்ளையிடம் சொல்வது எவ்வளவு பெரிய அசிங்கம்! அந்தப் பிள்ளையிடம் இருப்பது உண்மை. அதை வேஷமாக்கினால் அப்புறம் அவள் தன் காதைப் பற்றி எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? சோதனை தப்பாக இருந்தால் சோதனையைத் திருத்த வேண்டும். பிள்ளையைத் திருத்தக் கூடாது.

நேராக டாக்டரிடம் போனேன். அந்தப் பெண்ணுக்குக் கேட்பதில்லை, எதிரே இருப்பவர்களைப் பார்த்துக் கையைத் தூக்குகிறாள் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டீச்சர், கேக்குதுன்னா நீங்கதான் முதல்ல சந்தோஷப்படணும். ஹாஸ்டல்ல தலை குறையுமேன்னு பாக்கறீங்களா?” என்றார்.

சுருக்கென்று தைத்தது. என் கோபம் உங்களுக்குத் தெரியாது, பள்ளிச் சுவருக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. உதவி பிள்ளையின் தலையைப் பொறுத்து வர ஆரம்பித்த பிறகு, பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று பள்ளிக்காரி சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். முந்தைய நாள் வரைக்கும் என் வார்த்தைக்கு இருந்த மதிப்பு புது ஏற்பாட்டோடு போய்விட்டது. இனி நான் எவ்வளவு கத்தினாலும் பிரயோஜனமில்லை. பேச வேண்டியவள் ரஹிமா.

“என்னை நம்ப வேணாம் சார். அவளையே கேளுங்க. நான் அவ சொல்றதை அப்படியே சொல்றேன்” என்றேன்.

ரஹிமாவின் முன்னால் குனிந்து நின்றேன். என்ன கேட்பது? நீ ஏமாற்றினாய் என்கிற தொனி என் முகத்தில் ஒரு துளி இருந்தாலும் அவள் சுருங்கிப் போவாள். இந்தப் பிள்ளைகளிடம் முகத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. நான் நிஜமாகவே அவளை மெச்சினேன், அதனால் கேட்பது சுலபமாக இருந்தது. ஒன்றுகூடத் தப்பாமல் தூக்கினாயே, கெட்டிக்காரி, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கையால் கேட்டேன்.

அவளுக்கு ஒரே குஷி. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி கை பறந்தது. நான் பக்கத்தில் நின்று டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பச்சைத் துண்டு போட்ட தாத்தா இருக்கிறாரே, மணி அடித்தால் அவருக்கு இரண்டு கண்ணும் சிமிட்டும். அந்த அக்கா மடியில் இருக்கிற பாப்பா காலை உதைக்கும். என் அத்தை உதட்டை மடிப்பாள். மெதுவாக அடித்தால் தாத்தா சிமிட்ட மாட்டார், பாப்பா மட்டும் திரும்பும். அம்மாவைப் பார்த்தால் போதும், வேறு யாரையும் பார்க்கவே வேண்டாம். அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். ஓசைப்படாமல் மணியின் நாக்கை விரலால் அழுத்திக்கொண்டு கையை வீசினார். பச்சைத் துண்டுக்காரர் அசையவில்லை, ரஹிமாவும் அசையவில்லை. அடித்தார். தாத்தாவுக்குக் கண் சிமிட்டியது, ரஹிமா கையைத் தூக்கினாள். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அடுத்து டாக்டர் செய்ததை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவருக்கே தோன்றியது. எல்லோரும் எழுந்து திரும்பிச் சுவரைப் பார்த்து நில்லுங்கள் என்றார்.

மண்டபமே திரும்பி நின்றது. வேட்டி கட்டியவர்கள், பர்தா போட்டவர்கள், கம்பைநல்லூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், பாப்பாவைத் தோளில் போட்ட அந்த அக்கா, எல்லோரும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு. என்னையும் சரோஜாவையும்கூடத் திருப்பிவிட்டார். முதுகுக்குப் பின்னால் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. மெதுவாக, பலமாக, இன்னும் பலமாக. கடைசியில் பஜனை மடத்தில் அடிப்பது மாதிரி ஒரு முழக்கு முழக்கினார்.

திரும்பச் சொன்னபோது ரஹிமா நாற்காலியில் அப்படியே இருந்தாள். கை மடியில் இருந்தது. எல்லோரும் எதற்குத் திரும்பினார்கள், விளையாட்டு முடிந்துவிட்டதா என்று என்னைக் கேட்டாள். டாக்டர் அவளுக்கு எதிரே வந்து, அவள் தன் உதட்டைப் பார்க்கிற மாதிரி நின்று, கெட்டிக்காரி என்றார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் என் கும்பிடு. தான் செய்த சோதனை தப்பு என்று ஊர் முன்னால் தெரிந்தும் அவர் முகம் கோணவில்லை. என்னிடம் திரும்பி, வரிசையில் இருக்கிற எல்லாரையும் இப்படியே பார்க்கிறேன் டீச்சர் என்றார். எனக்கு ரஹிமாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தர்மபுரியைச் சுற்றி வர வேண்டும் போல இருந்தது. என் மாணவி! ஒரு மண்டபத்தையே எழுத்துக்கூட்டிப் படித்தவள்.

ஆனால் அவள் அம்மாவைப் பார்த்ததும் என் சந்தோஷம் அடங்கிவிட்டது.

அந்த அம்மாள் சுவர்ப் பக்கமிருந்து திரும்பி வந்து உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கொடுத்த நம்பிக்கையை அரை மணி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டோம். என்னைப் பார்த்து, “ஏன் டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு நாத்தனார் அவர் காதில் ஏதோ உருதுவில் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு உருது அரைகுறை. சான்றிதழில் கேட்கும் என்றே இருக்கட்டும், பெண் வீட்டுக்கு வந்துவிடட்டும், நல்லது கெட்டதை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் புரிந்தது. அதிலும் கெட்ட எண்ணமில்லை. அவர்களுக்குத் தெரிந்த நல்லது அது.

டாக்டர் அவர்களைக் கூப்பிட்டார். மணியை மேஜையில் வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேசினார். “பாருங்கம்மா, கரண்ட் இல்லாம சோதிக்கிற மெஷின் ஓடல. மணியில ரெண்டு விதமா வந்திருக்கு. பெத்தவங்க சொல்றதையும் சேர்த்துத்தான் நான் எழுதணும். வூட்ல பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்புறாளா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. கேக்கும்னா மெஷின் தந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேர்ப்பாங்க, பொண்ணு உங்களோடயே இருக்கும். கேக்காதுன்னா ஹாஸ்டல்லயே படிக்கும்.”

என் கையில் இருந்ததை நான் செய்துவிட்டேன், டாக்டர் அவர் பங்கைச் செய்துவிட்டார், ரஹிமா எல்லோரையும்விட நன்றாகச் செய்துவிட்டாள். மிச்சம் அந்த அம்மாளிடம் இருந்தது. சரோஜா என் காதோரம், அக்கா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஆரம்பத்திலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அது என் பெண் இல்லை. கல்யாணப் பேச்சு வரும்போது வாசலில் நின்று பதில் சொல்லப்போகிறவள் நான் இல்லை. பெற்றவள் முடிவெடுக்கும் இடத்தில் வாத்தியார் மூக்கை நுழைத்தால் அந்த முடிவு நாளைக்கு நிற்காது. உண்மையைக் கண்ணுக்கு முன்னால் வைக்கும் வரைக்கும் நம் வேலை. அதை எடுத்துக்கொள்வது அவர்கள் வேலை.

அவர் மகளைப் பார்த்தார். ரஹிமா பச்சைத் துண்டுத் தாத்தாவிடம் போய் நின்று, எப்படிக் கண்ணைச் சிமிட்டினீர்கள் என்று செய்து காட்டி அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து பேர் கூடி நின்று ரசித்தார்கள். முன்பின் தெரியாத ஆட்களோடு தன் பெண் இப்படிக் கலகலவென்று இருந்து அந்த அம்மாள் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். லீவுக்கு வீட்டுக்குப் போகிற ரஹிமா இவள் இல்லையே.

நாத்தனார் அவர் கையைத் தொட்டார். அவர் கையை விலக்கிக்கொண்டார். முகத்திரையைத் தலைக்குமேல் தள்ளிவிட்டு டாக்டரைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் வெளியில் சொல்லாத வார்த்தையை, மண்டபத்தின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“திரும்ப மாட்டா சார். இடி இடிச்சாலும் திரும்ப மாட்டா. என் பொண்ணுக்குக் காது கேக்காதுங்க. பொறந்ததுலருந்தே கேக்காது. எழுதிக்குங்க. அவ இவங்ககிட்டயே படிக்கட்டும்.”

டாக்டர் எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் தன் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ரஹிமாவின் அம்மாவிடம் நீட்டினார். சரோஜா மூலையில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாதேஷ் தன் முறை வந்ததும் உட்கார்ந்தான். மண்டபம் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பியது. ஒவ்வொரு மணிக்கும் அவன் கை ஏறியது. அவனுக்கு மெஷின் கிடைத்தது, ஊருக்குப் போனான். அந்த மெஷினுக்குப் பேட்டரி யார் வாங்கித் தருவது என்பதைத் திட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. அதற்கு நாங்கள் போட்ட சண்டையை இன்னொரு நாள் யாராவது சோறு போட்டுக் கேட்டால் சொல்கிறேன்.

ஆனால் இன்றைக்கு உங்களிடம் பேசச் சொன்னதும் என் மனசில் வந்து நின்றது அந்தச் சண்டை இல்லை. உங்கள் வேலையில் பெருமைப்படும்படி ஒரு நாள் வாய்த்தால், அன்றைக்கு அந்தப் பெருமை உங்களுடையது இல்லை என்பதையும் கண்டுகொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

அன்று டாக்டரிடம் அம்மா ஏதோ உரக்கச் சொன்னதைக் கூட்டம் திரும்பிப் பார்த்ததிலிருந்தே ரஹிமா தெரிந்துகொண்டுவிட்டாள். தாத்தாவை விட்டுவிட்டு ஓடி வந்து எங்களுக்கு நடுவில் நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பி, அவள் அம்மா சொன்னதைக் கையால் சொல்லத் தொடங்கினேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். கண் அம்மாவின் முகத்தை விட்டு நகரவில்லை.

சொல்ல வேண்டாம் டீச்சர், தெரியும் என்றாள். அம்மாவுக்கு இப்போது பயமில்லை என்றாள்.